கம்ப்யூட்டர் சென்டரில் என்ன சமைத்தோம்?

போன மாதம் பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கவிதாவிடமிருந்து போன் வந்தது. பல்கலைக்கழகப் பண்டகசாலையில், அதாவது எல்லோரும் ஸ்டோர் என்று சொல்லும் இடத்தில், இருபத்தெட்டு வருடம் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். நாற்பது வயதுக்காரி, என்னைக் கேட்காமலே எல்லா வேலையும் செய்யத் தெரிந்தவள். அவள் போன் செய்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"மேடம், பதிவேடெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்தறாங்க. புது சாஃப்ட்வேர்ல கேஸ்னு ஒரே ஒரு கட்டந்தான் குடுத்திருக்காங்க. மெஸ் சிலிண்டரும் அதுலயே, ஏசி சிலிண்டரும் அதுலயேன்னு சொல்றாங்க. பழைய கணக்கையும் அப்படியே கூட்டிப் போட்டுடட்டுங்களா?"

"போடாத. மொதல்ல கைய எடு அதுலருந்து" என்று கத்தினேன். எதிரே இருந்த தக்காளிக்காரர் பயந்துபோய்த் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க மேடம்?" என்றாள் கவிதா. சந்தையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது. வீட்டுக்கு வந்து அவளுக்கு நிதானமாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது விவசாயக் குடும்பம். வாரம் ஆறு நாள் வயற்காட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் இருந்த அப்பா, ஆரோக்கியமேரிக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி என்னைத் தருமபுரிக்கு டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார். இரண்டு வருடம் பஸ், டைப் அடிக்கும் சத்தம், வெயில். பிறகு மாவட்டத்திலேயே புதிதாக வந்த ஒரு பல்கலைக்கழகத்தில் தினக்கூலி எழுத்தராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அது யாருக்கும் உதவாது. நான்கு வருடத்தில் ஸ்டோர் என் பொறுப்புக்கு வந்தது. ஃபினாயில், பல்பு, சாக்பீஸ், துடைப்பம், குழாய், சிலிண்டர் என்று வளாகத்துக்குள் எது வந்தாலும் என் பதிவேட்டில் ஒரு வரியாகத்தான் உள்ளே போகும். என் கையெழுத்தில் எனக்குக் கர்வம் உண்டு. அதை ஒளிக்கப் போவதில்லை, இந்தக் கதையே அந்தக் கர்வம் அடிவாங்கின கதைதான்.

ஸ்டோரில் ஒரு பழக்கம். ஒரு பொருளை அது வாங்க வருகிறவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதிக்கொள்வோம். மெஸ்ஸிலிருந்து சமையல்காரர் வந்து "கேஸ் தீந்துபோச்சுங்க" என்பார். "கேஸ் – 1 – மெஸ்" என்று எழுதுவேன். ஏசி மெக்கானிக் மாதையன் வந்து "கேஸ் வேணுங்க மேடம்" என்பார். எந்தக் கட்டடத்து ஏசிக்கோ அதன் பெயரைப் போட்டு, "கேஸ் – 1" என்று எழுதுவேன். முன்னது ஆள் இடுப்பு உயரத்துக்கு இருக்கும் சமையல் சிலிண்டர். பின்னது ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன சிலிண்டர். யார் வந்தார்கள் என்பதை வைத்து எது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருபது வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. நம் வளாகம் ஒரு வருடத்தில் எவ்வளவு கரிமப் புகையைக் காற்றில் விடுகிறது என்று கணக்கெடுத்து, வருடாவருடம் அறிக்கை போட வேண்டும். பொறுப்பு வேதியியல் துறைப் பேராசிரியர் பசவராஜிடம் போனது. பொருட்களின் கணக்கெல்லாம் ஸ்டோரில் இருப்பதால் என்னையும் அவருக்குக் கீழே அந்தக் குழுவில் சேர்த்தார்கள். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருடம் இருந்தது. புகையைப் போய் யார் எண்ணுவார்கள் என்று முதல் நாள் வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

பசவராஜ் சார் ஓசூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம். நம்மிடம் பேசுவது நல்ல தமிழ், ஆனால் கூட்டல் போடும்போது மட்டும் உதடு தானாக "ஒந்து, எரடு, மூரு" என்று போகும். ஸ்டோருக்கு வந்தால் என் எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார மாட்டார், அது கணக்கு கேட்க வந்த அதிகாரி மாதிரி இருக்கும் என்பார். பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்காருவார். கோபம் வந்தால் சத்தம் வராது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், அவ்வளவுதான். துடைப்பது நீண்டுகொண்டே போனால் நிலைமை மோசம் என்று எங்களுக்குத் தெரியும்.

கணக்கெடுக்கும் முறையை அவர் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தார். நாமே எரிப்பதும் நாமே கசிய விடுவதும் முதல் பட்டியல். ஜெனரேட்டர் டீசல், நம் சொந்த பஸ் டீசல், சமையல் கேஸ் எல்லாம் அதில் வரும். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. பிள்ளைகளும் நாங்களும் வந்துபோகும் வெளி பஸ்ஸும் டூவீலரும் மற்றவையும் மூன்றாவது. ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், எத்தனை கிலோ, எத்தனை யூனிட் என்று எடுத்து, அதற்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். இது யாரும் செய்யக்கூடிய வேலை. அவர் செய்த வேலை வேறு. எந்த எண்ணைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பதிலைப் பொறுத்து எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுவார். அளந்தது என்றால் 'அ'. மதிப்பிட்டது என்றால் 'ம'. யாரோ சொல்லிக் கேட்டது என்றால் 'கே'. எழுத்து இல்லாத எண் அறிக்கைக்குள் போகாது.

ஜெனரேட்டர் அறையில் நடந்ததை மறக்க முடியாது. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆபரேட்டர் ஒரு மூங்கில் குச்சியை டேங்கில் விட்டு எடுப்பார். குச்சியில் கத்தியால் வெட்டின கோடுகள். சாரைப் பார்த்ததும் அவர் வெட்கப்பட்டு, "மீட்டர் ரிப்பேருங்க சார், இது சும்மா" என்று குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சார் அதை வாங்கி, காலி டேங்கில் வாளி வாளியாக அளந்து ஊற்றச் சொல்லி, ஒவ்வொரு கோட்டையும் சரிபார்த்தார். ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. குச்சி சரியாகவே இருந்தது. "இது அ" என்று எழுதினார். அதே வாரம் அழகாக அச்சடித்து வந்த பஸ் கணக்கு ஒன்றில் ஒவ்வொரு மாதமும் ஒரே கிலோமீட்டர் இருப்பதைப் பார்த்து "இது கே" என்று எழுதினார். அச்சடித்தவருக்கு முகம் விழுந்துவிட்டது.

சமையல் கேஸ் எண்ணை நான்தான் கொடுத்தேன். பதிவேட்டில் கேஸ் பக்கத்தை எடுத்து, மேலிருந்து கீழே கூட்டி, இத்தனை சிலிண்டர் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். "என் பதிவேடுங்க சார், ஒவ்வொண்ணும் நான் எண்ணி வாங்கினது" என்றேன். 'அ' போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது வருட அறிக்கைதான் பிரச்சினை. அந்த வருடம் கூரையில் சோலார் வந்திருந்தது. நூலகத்தின் பழைய ஏசிகளைக் கழற்றிவிட்டு மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புது ஏசி போட்டிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் முந்தின வருடத்தைவிட மொத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம். நிறுவனர் நாள் விழாவில் அறிக்கையை வெளியிடுவதாக முடிவானது. 'உமிழ்வைக் குறைத்த வளாகம்' என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள்.

சாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கணக்கு முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு வரியில் விரலை வைப்பார். அந்த எண் எங்கிருந்து வந்ததோ அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்த வருடம் விரல் சமையல் கேஸ் மேல் விழுந்தது. விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஸ்டோருக்கு வந்து, பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து, பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"மேடம், கம்ப்யூட்டர் சென்டர்ல என்ன சமைக்கறாங்க?"

நான் சிரித்துவிட்டேன். "சமைக்கறதா? அது ஏசிக்குப் போடற கேஸுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. வருடம் முழுக்க இரண்டு விதமான சிலிண்டரையும் ஒரே சொல்லில் எழுதி, ஒரே வரிசையில் கூட்டி, எல்லாவற்றையும் அடுப்பில் எரித்ததாகக் கணக்குக் கொடுத்திருக்கிறேன். ஏசிக்குள் சுற்றும் கேஸ் தனி வரியில் வர வேண்டியது. என்னிடம் அப்படி ஒரு வரியே இல்லை. ஏசி பழுது பார்ப்பது ஒப்பந்தக்காரர் வேலை, அது அவர்கள் பாடு என்று குழுவில் நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டிருந்தோம்.

"ரெண்டும் சிலிண்டர்தானேங்க சார். அவ்ளோ வித்தியாசம் வருமா?" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

அவர் துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏசி கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், ரகத்துக்குத் தக்கபடி, கரிமப் புகையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு சூடு பிடித்துவைக்கும். கையில் தூக்கிக்கொண்டு போகிற அந்தச் சின்ன சிலிண்டர் ஒன்று காற்றில் போவது, மெஸ்ஸில் முந்நூறு பெரிய சிலிண்டருக்கு மேல் எரிப்பதற்குச் சமம். நான் அதை ஒன்று என்று எழுதியிருந்தேன்.

அன்றே இரண்டு வருடப் பக்கங்களையும் பிரித்து எழுத உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் சென்டர், அலுவலகம், நூலகம் என்று இருந்ததெல்லாம் சுலபம். 'கேஸ் – 1 – மெஸ்' என்ற வரிகளில்தான் மாட்டிக்கொண்டோம். மெஸ்ஸில் அடுப்பும் உண்டு, காய்கறி வைக்கும் குளிர் அறையும் உண்டு. எந்த வரி எதற்கு என்று என் கையெழுத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கே தெரியவில்லை. முத்து முத்தான எழுத்து, உள்ளே ஒன்றுமில்லை.

தெரிந்தவர் ஒருவர்தான், மாதையன். ஏசியும் குளிர் அறையும் பார்க்கும் ஒப்பந்தக்காரரிடம் பதினாறு வருடமாக வேலை. சட்டை, அடையாள அட்டை எல்லாம் ஒப்பந்தக்காரருடையது, எந்நேரமும் இருப்பது மட்டும் எங்கள் வளாகத்தில். விசாரித்தால் அவர் தீர்த்தமலையில் இருந்தார். தங்கை மகளுக்கு மொட்டை, தாய்மாமன் மடி இல்லாமல் நடக்காது. நான் போன் எடுத்தேன். சார் தடுத்தார். "வேண்டாங்க மேடம். மடியில கொழந்தைய வெச்சுக்கிட்டு இருக்கற மனுசனைப் போயி கேஸு எத்தனைன்னு கேக்கறதா? வரட்டும்." விழாவுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து மாதையன் வந்தார். பிரசாதத்தை நீட்டிவிட்டு உட்கார்ந்தார். பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார்.

"இது அடுப்புங்க. இது குளிர் ரூமு, கதவு ரப்பர் போயி கம்ப்ரஸர் நின்னுச்சில்லீங்களா, அப்ப. இது அடுப்பு. இதுவும் குளிர் ரூமுங்க, அன்னிக்கு மழை."

ஒரு வரியில்கூடத் தடுமாறவில்லை. அந்த வருடம் மட்டும் சின்ன சிலிண்டர் பதினொன்று. எல்லாம் முடிந்ததும் எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. விரல் கடைசி வரிக்குக் கீழே வெறும் தாளில் நின்றது.

"இதுல எழுதாதது ஒண்ணு இருக்குதுங்க சார். அதையும் சொல்லணுங்களா?"

நூலகத்தில் பழைய ஏசிகளைக் கழற்றினார்களே, அந்த இருபத்தாறு மிஷின். உபயோகத்துக்கு ஆகாது என்று கண்டம் செய்து, ஏலத்துக்கு அனுப்பியது. அவற்றுக்குள் இருந்த கேஸ் எங்கே என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை.

"ரெண்டு நாள்ல அத்தனையும் எறக்கி வண்டில ஏத்தணும்னு சொல்லிட்டாங்க. கேஸ எறக்கி எடுக்கற மிஷினு எங்ககிட்ட ஏதுங்க? லைப்ரரி பின்னால வரிசையா வெச்சு வால்வைத் தொறந்து வுட்டுட்டனுங்க. நாலு மிஷின்ல முன்னாலயே ஒண்ணுமில்ல, கேஜுல முள்ளு ஏறல. மிச்சம் இருபத்திரண்டும் காத்துலதான் போச்சு. கையெல்லாம் பனி புடிச்ச மாதிரி ஆயிடுச்சுங்க. அரை நாளு பூரா உஸ்ஸு உஸ்ஸுன்னு ஒரே சத்தம்."

அவர் அதைச் சொன்னதும் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஸ்டோரின் பின் ஜன்னல் நூலகத்தின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும். அன்று காலையிலிருந்து ஏதோ உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருந்தது. வரவு எழுதவிடாமல் தொந்தரவாக இருக்கிறதே என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். மாலையில் இருபத்தாறு மிஷினுக்கும் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டேன்.

மாதையன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கணக்குக்குச் சொல்லிட்டனுங்க மேடம். ஆனா என் பேரு மட்டும் வர வேண்டாங்க. வந்துச்சுன்னா சார்ங்க ஒப்பந்தக்காரரைக் கேப்பாங்க, அவரு என்னை வூட்டுக்கு அனுப்பிச்சுடுவாரு. ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க."

"வராது" என்றேன். சாரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். சார் தலையை ஆட்டினார்.

ஒவ்வொரு ஏசியின் முதுகிலும் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ளே எத்தனை கிலோ கேஸ் என்று போட்டிருக்கும். மிஷின்கள் போய்விட்டாலும் கண்டப் பட்டியலில் மாடல் எண் இருந்தது. அதை வைத்து இருபத்திரண்டுக்கும் கணக்குப் போட்டார். அளவுக்கு 'ம', திறந்துவிட்டதற்கு 'கே'. இரண்டு எழுத்து வாங்கின வரி அறிக்கையிலேயே அது ஒன்றுதான். மறுபடி கூட்டினார். "ஒந்து, எரடு" என்று உதடு நின்றபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வளாகத்தின் உமிழ்வு குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

அடுத்த நாள் பதிவாளர் அறைக்கு இருவரும் போனோம். பதிவாளர் கெட்டவர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். ஆனால் அழைப்பிதழ் அவர் மேஜையில் கட்டுக்கட்டாக இருந்தது. பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சார், பதினோரு சிலிண்டரை ஒத்துக்கறேன். பதிவேட்ல இருக்கு. இந்தக் கடைசி வரி இருக்குதே, 'கே'ன்னு போட்டது, இதை எடுத்துட்டா மொத்தம் குறையுதா?"

"குறையும். ஒரு துளி" என்றார் சார்.

"அப்ப எடுத்துடலாமே? அளந்ததும் இல்ல, எழுதினதும் இல்ல. யாரோ சொன்னதை வெச்சு நம்ம தலையில நாமே மண்ணைப் போட்டுக்கணுமா?"

"நடந்தது சார் அது. எடுத்தா அறிக்கையில என் பேரையும் எடுத்துடுங்க."

பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "சரி, வெச்சுக்கலாம். ஆனா பேரில்லாம நிக்காது. நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? யாரு சொன்னதுன்னு பேரைக் குடுங்க. தொறந்துவிட்டவன் மேல நடவடிக்கை எடுத்துட்டோம்னு ஒரு வரி சேத்துப் போட்டுடலாம். நமக்கும் கௌரவமா இருக்கும்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். பொய் சொல்ல அவருக்கு வராது, பெயரைச் சொல்லவும் மாட்டார். பதிவாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சொல்லுங்க, யார்கிட்ட கேட்டது?"

அந்த 'கேட்டது' என்ற சொல் என் காதில் வேறு விதமாக விழுந்தது.

"நான் கேட்டதுங்க சார்" என்றேன்.

"அதைத்தான் மேடம் கேக்கறேன், யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்லீங்க. என் காதால கேட்டேன். லைப்ரரி பின்னால அரை நாளு உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு. என்னன்னு எட்டிப் பாக்கல. எழுத முடியலைன்னு ஜன்னலைச் சாத்திட்டு வந்து உக்காந்தேன். சாயங்காலம் கேட் பாஸ்ல கையெழுத்துப் போட்டதும் நான்தான். பேரு வேணும்னா என் பேரைப் போடுங்க."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனாலும் பயமாக இருந்தது. ரிட்டயர்மென்டுக்கு எட்டு மாதம். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை.

பதிவாளர் பேனாவை மூடினார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வெளியே ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு மாதையனைத் தெரியாமல் இருக்காது என்று இப்போது நினைக்கிறேன். வளாகத்தில் வால்வைத் திறக்கிற கை வேறு எது இருக்கிறது? ஆனால் அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. சத்தம் கேட்டும் மேலிடத்துக்குத் தெரிவிக்காதது ஏன், ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும் என்று. வாங்கிக்கொண்டு ஸ்டோருக்குள் வந்து, சாக்பீஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். வருத்தமா அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, என் நல்ல கையெழுத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். 'சத்தம் கேட்டது. அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, அது என் தவறு.' எதிர்காலத்தில் கவனமாக இருக்கவும் என்று எச்சரித்து, கோப்பை மூடினார்கள்.

விழாவில் அறிக்கை வெளியானது. அழைப்பிதழில் 'குறைத்த' என்ற சொல்லின் மேல் ஒரு தாள் ஒட்டி, 'உமிழ்வு அறிக்கை வெளியீடு' என்று மாற்றியிருந்தார்கள். மொத்தம் கூடியிருந்ததைப் பற்றி மேடையில் யாரும் வாய் திறக்கவில்லை. முதல் பட்டியலின் கடைசி வரியில் பென்சில் எழுத்துகள் அச்சாகியிருந்தன, ம, கே. கேட்டவர், பண்டகக் காப்பாளர் என்று என் பதவியைக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் கடைசி வரிசையில் மாதையன் நின்றிருந்தார். என் பக்கம் வரவில்லை. அப்புறமும் ஒரு வாரம் ஸ்டோருக்கு வராமல் வேறு ஆளை அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆனால் அச்சில் வந்த வரிக்கு ஒரு குணம் இருக்கிறது. அடுத்த வருடம் அதே வரி மறுபடி வரக்கூடாது என்று நிர்வாகத்துக்குத் தோன்றிவிடும். கேஸை உறிஞ்சி சிலிண்டருக்குள் திரும்ப எடுக்கும் மிஷின் ஒன்றை வாங்கினார்கள். நானும் பதிவேட்டில் கேஸ் பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். அடுப்பு கேஸ் ஒரு பக்கம், ஏசி கேஸ் ஒரு பக்கம். ஏசி பக்கத்தில் போட்டது, எடுத்தது, அளந்தவர் என்று மூன்று கட்டம் கோடு போட்டேன்.

ரிட்டயர் ஆகும் வாரத்தில் கம்ப்யூட்டர் சென்டரின் பழைய ஏசிகளைக் கழற்றினார்கள். மதியம் மாதையன் இரண்டு கையிலும் இரண்டு சிலிண்டரோடு ஸ்டோருக்குள் வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். என் தராசில் ஒவ்வொன்றாக வைத்து, காலி சிலிண்டரின் எடையைக் கழித்து, நானும் அவரும் ஆளுக்கொரு முறை படித்துப் பார்த்தோம். பின் ஜன்னல் திறந்தே இருந்தது. அன்று காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கிலோவை எழுதி 'அ' போட்டேன். அளந்தவர் கட்டத்தில் வழக்கம்போல என் பெயரை எழுதப் போனேன்.

"மேடம், இருங்க" என்றார். "அந்தக் கட்டத்துல என் பேரைப் போடலாங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். "இனிஷியல்?"

"ம. மாதையனுங்க" என்றவர், உடனே சிரித்தார். "இனிஷியல் வேண்டாங்க. சாரு பாத்தா மதிப்பீடுன்னு நெனச்சுக்குவாரு."

மாதையன் என்று எழுதினேன். அவர் குனிந்து, அன்று படித்தது போலவே விரலை வைத்துப் படித்தார். கிலோ, அ, பெயர். மை காய்ந்துவிட்டதா என்று லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது அழியாதுங்களே மேடம்?"

"அழியாது" என்றேன்.

இதையும் சாரைக் கேட்காமல்தான் சொன்னேன். அதனால்தான் பழைய கணக்கைக் கூட்டிப் போடாதே என்று சந்தையில் அப்படிக் கத்தினேன், கவிதா.